மைனஸ் நாற்பத்தொரு நாள்

எழுதிப் பிழைப்பவர்களுக்குக் கூலி காலத்தோடு கிடைக்க வேண்டும் என்பதில் கல்கத்தாவில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. பத்திரிகை முதலாளிகளுக்கு இல்லை, பதிப்பாளர்களுக்கு இல்லை, வருஷா வருஷம் துர்கா பூஜை மலர் போடும் பேட்டைக் கிளப்புகளுக்கும் இல்லை. எல்லோரும் ஒருமனதாக ஒப்புக்கொண்ட விஷயம் என்பதாலோ என்னவோ, அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் குறையைக் களையும் பொருட்டு, சுயாதீனப் பணியாளர் நல ஆணையகம் ஒரு கையேடு வெளியிடுவது என்று தீர்மானித்தது. தலைப்பு, 'உழைத்த காசு உடனே கைக்கு: எழுத்தாளர்களுக்கான வழிகாட்டி.' பில் எழுதுவது எப்படி, நினைவூட்டல் அனுப்புவது எப்படி, வரவு நின்றுபோன மாதங்களில் குடும்பத்தை ஓட்டுவது எப்படி என்று நாற்பது பக்கம். எழுதுகிறவருக்குச் சன்மானம் பதினெட்டாயிரம் ரூபாய். பிரதியைக் கொடுத்த பதினைந்து நாளுக்குள் பணம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள்.

அந்த வேலை பெல்கரியாவில் குடியிருக்கும் அனிமேஷ் ஹாஜ்ராவுக்குக் கிடைத்தது. அனிமேஷுக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாக எழுத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. மீன் வளர்ப்பு, நீரிழிவு, மாநிலத்தின் மேம்பாலங்கள் என்று யார் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுப்பார். கூலி தாமதமாவதில் அவருக்கு இருந்த அனுபவம் நகரத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது என்பதால் தேர்வு சரியானதுதான். ஆனால் அவர் தேர்வானதற்குக் காரணம் அதுவல்ல. அவர் மனைவி சுதபா வீட்டிலேயே ப்ளவுஸ் தைப்பவள். ஆணையகத்தின் தலைமை எழுத்தர் பிரியநாத் சாமந்தாவின் மனைவிக்குப் பத்து வருஷமாக அவள்தான் தைக்கிறாள். கை அளவு எடுக்கும்போது நடந்த பேச்சில் முடிவான விஷயம் அது.

அனிமேஷ் மே மாதம் இருபதாம் தேதி பிரதியைக் கொடுத்தார். நல்ல புத்தகம்தான் அது. மூன்றாம் அத்தியாயத்தில், முப்பது நாள் கழித்துக் கனிவான ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார். நான்காம் அத்தியாயத்தில், மூன்று மாதச் செலவுக்கான பணத்தை எப்போதும் தனியாக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதை எழுதிய அன்றைக்கு அவர் பையில் பதினோரு ரூபாய் இருந்தது. ஐந்தாம் அத்தியாயத்தின் தலைப்பு, 'பணம் தர வேண்டியவரும் மனிதரே.'

பதினைந்து நாள் போயிற்று. இன்னும் பத்து நாள் மரியாதைக்காகப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜூன் பதினைந்தாம் தேதி அனிமேஷ் சால்ட் லேக்கில் இருக்கும் ஆணையகத்துக்குப் போனார். சாமந்தா எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க ஹாஜ்ரா பாபு, வாங்க. என்ன எழுத்து, என்ன எழுத்து. எங்க துணை இயக்குநர் மேடம் படிச்சுட்டு ஒரு மணி நேரம் பேசவே இல்ல. டீ சொல்லவா?"

"சொல்லுங்க. அந்தப் பணம்..."

சாமந்தாவின் முகம் வாடிவிட்டது. இழுப்பறையிலிருந்து பிரதியை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

"நீங்களே இப்படிச் செய்யலாமா? மூணாம் அத்தியாயம் பாருங்க. முப்பது நாள் கழிச்சு நினைவூட்டணும். இன்னிக்கு இருபத்தாறாவது நாள். எழுதினவரே பின்பத்தலேன்னா ஊர்ல மத்தவன் எப்படிங்க பின்பத்துவான்?"

"அது ஒப்பந்தத்துல நாள் போடாதவங்களுக்கு எழுதினது, சாமந்தா பாபு. நமக்குப் பதினஞ்சு நாள்னு போட்டிருக்கே."

"அப்படின்னு அத்தியாயத்துல எங்கயும் இல்லையே."

இல்லைதான். அனிமேஷ் தன் எழுத்தில் இருந்த ஓட்டையை நொந்தபடி டீயைக் குடித்துவிட்டு வந்தார். நான்கு நாள் கழித்து, சரியாக முப்பதாவது நாள், கனிவான நினைவூட்டல் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போனார். கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் அவரே கொடுத்திருந்த மாதிரிக் கடிதம்தான். சாமந்தா அதை இரண்டு முறை படித்தார்.

"இது நம்ம கையேட்டுல இருக்கற வாசகமாச்சே."

"ஆமா. நான் எழுதினதுதான்."

"எழுதினது நீங்க. உரிமை ஆணையகத்தோடது. இன்னும் வெளிவராத அரசாங்க ஆவணத்துலேர்ந்து ஒருத்தர் வாசகம் எடுத்துக் கையாள்றது சட்டப்படி தப்பு. தெரிஞ்சவராச்சேன்னு நான் இதைப் பாக்காத மாதிரி இருந்துடறேன். வேற மாதிரி எழுதிக்கிட்டு வாங்க. கனிவு மட்டும் குறையக் கூடாது."

வேறு மாதிரி எழுதுவதற்குள் ஜூன் முடிந்துவிட்டது. மளிகைக்காரர் பாக்கி கேட்டார், வீட்டுக்காரர் வாடகை கேட்டார், மின்சாரக் கம்பெனி எதுவும் கேட்காமல் இணைப்பைத் துண்டிக்கும் தேதியைத் தெரிவித்தது. அனிமேஷ் ஓர் ஏற்பாடு செய்தார். சுதபாவின் தையல் மெஷினைப் போத்தாரின் அடகுக் கடையில் வைத்து ஏழாயிரம் வாங்கினார்.

"ஒரு மாசம்தான்," என்றார் சுதபாவிடம். "இதுக்குப் பேரு பணவோட்ட நிர்வாகம். வர வேண்டியது பின்னாடி வருது, போக வேண்டியது முன்னாடி போகுது. நடுவுல ஒரு பாலம் போடணும். நாலாம் அத்தியாயத்துல விளக்கியிருக்கேன்."

சுதபா அந்த அத்தியாயத்தைப் படித்தவள் இல்லை. ஆனால் வீட்டில் எல்லா மாதமும் தவறாமல் வரும் பணம் ப்ளவுஸ் பணம் ஒன்றுதான் என்பது அவளுக்குத் தெரியும். அவள் முறை எளிமையானது. காசைக் கையில் வைத்தால் ப்ளவுஸ், வைக்காவிட்டால் துணி அலமாரியிலேயே இருக்கும். இதைப் பற்றி அவள் எங்கும் எதுவும் எழுதியதில்லை.

"விஸ்வகர்மா பூஜைக்கு முன்னாடி மெஷின் வீட்டுக்கு வந்தாகணும்," என்றாள். "இந்த வருஷம் துர்கா பூஜைக்கு இருபத்து மூணு ப்ளவுஸ் ஒத்துக்கிட்டிருக்கேன். பஞ்சமிக்குள்ள கொடுக்கலேன்னா அத்தனை பேரும் ஸ்டேஷன் ரோடு கடைக்குப் போயிடுவாங்க. ஒரு தடவ போனா திரும்ப வர மாட்டாங்க. அப்புறம் உங்க பாலத்துல நாம ரெண்டு பேரும் நின்னு வேடிக்கை பாக்கலாம்."

அவள் சொன்னது உண்மை. அந்த மெஷின் நின்றால் அவர்கள் வீடு நின்றுவிடும். எழுத்தாளர் வீடு என்று வாசலில் பலகை இருந்தாலும் அடுப்பு எரிவது அந்த மெஷினால்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹராதன் மைத்தி வந்து நின்றார். டிராமில் முப்பத்து நாலு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டைக் கிளப்பின் பூஜை மலருக்கு அனிமேஷ்தான் ஆசிரியர். போன வருஷ மலரில் மைத்தி தன் டிராம் அனுபவங்களை மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதற்குச் சன்மானம் முந்நூறு ரூபாய்.

"எடிட்டர் தம்பி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் மைத்தி. "அவசரம் ஒண்ணும் இல்ல. வாழ்க்கையில மொத மொதல்ல எழுதிச் சம்பாதிச்ச காசாச்சே, என் சம்சாரத்துக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்துடலாம்னு ஒரு நெனப்பு."

"வந்துடும், மைத்தி பாபு. கிளப்புல கணக்கு பாத்துக்கிட்டு இருக்காங்க."

கிளப்பில் யாரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஐந்து பேருக்கான ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைக் கிளப் போன நவம்பரிலேயே அனிமேஷிடம் கொடுத்துவிட்டது. நான்கு பேருக்கு அவர் கொடுத்தும் விட்டார். ஐந்தாவது முந்நூறு பணவோட்டத்தில் எங்கோ கலந்துவிட்டது.

ஜூலை பதினெட்டாம் தேதி ஆணையகத்திலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். அனிமேஷ் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார். சாமந்தா ஒரு தாளை நீட்டினார். 'ரூபாய் பதினெட்டாயிரம் முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று அதில் அச்சாகியிருந்தது. கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட ஒரு கட்டம்.

"ஸ்டாம்ப் ஒட்டி, அது மேல கையெழுத்துப் போடுங்க."

"பணம்?"

"அதுக்குத்தானே இது."

"பணத்தை வாங்காம வாங்கினேன்னு எப்படிப் போடறது?"

சாமந்தா பொறுமையாகச் சிரித்தார். இந்தக் கேள்வியை முப்பத்தோரு வருஷமாகக் கேட்டு வருகிறவர் அவர்.

"ஹாஜ்ரா பாபு, நீங்க படிச்சவரு. பணத்தைக் குடுத்துட்டு ரசீது கேட்டா, நீங்க ரசீது தராம போயிட்டீங்கன்னு வச்சுக்குங்க. ஆடிட்ல யாரு பதில் சொல்றது? நீங்க வாங்கிட்டீங்கங்கறதுக்கு ஆதாரம் இருந்தாத்தானே நாங்க நம்பிக் குடுக்க முடியும்?"

இதில் ஏதோ கோளாறு இருப்பது அனிமேஷுக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் இருந்த கடைக்குப் போய் ஸ்டாம்ப் கேட்டார். தனியாகத் தர மாட்டோம், பத்தாகத்தான் தருவோம் என்றார் கடைக்காரர். பத்து வாங்கி, ஒன்றை ஒட்டி, அதன் மேல் நேர்த்தியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மீதி ஒன்பதையும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சுதபாவின் ஊசி நூல் டப்பாவில் வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் போன் இல்லை. ஆகஸ்டில் போய்ப் பார்த்தபோது சாமந்தா கை குலுக்கினார்.

"உங்க கோப்பு முடிஞ்சுது. வாழ்த்துக்கள்."

"முடிஞ்சுதுன்னா?"

"முழுத் தொகையும் பெற்றுக்கொண்டார்னு ரசீது வந்தாச்சு. ரசீது வந்த கோப்பு முடிஞ்ச கோப்பு. அந்த அலமாரியில வச்சுப் பூட்டியாச்சு."

"எனக்கு இன்னும் பணம் வரலீங்க."

"காசாளர் கோப்பைப் பாத்தாத்தான் குடுப்பாரு. கோப்பு முடிஞ்ச அலமாரியில இருக்கு. முடிஞ்ச அலமாரியைத் திறக்கணும்னா, இன்ன பாக்கி இருக்குன்னு காட்டி உத்தரவு வாங்கணும். கோப்புல பாக்கியே இல்லையே. நான் எதைக் காட்டறது?"

"என்னைக் காட்டுங்க."

சாமந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கோப்புல இல்லியே," என்றார் வருத்தத்தோடு. அந்த வருத்தம் போலியானது அல்ல. சாமந்தா நல்லவர், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர் என்றால் கத்திவிட்டாவது வரலாம். அனிமேஷ் தன் ஐந்தாம் அத்தியாயத்தை நினைத்துக்கொண்டு திரும்பினார். அதை எழுதிய கையை உடைக்க வேண்டும் போல இருந்தது.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, ஆணையகத்தின் நிபுணர் குழு கூடி, கையேட்டின் பிரதியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. மே மாதம் கொடுத்த பிரதியை ஏற்பதற்கு ஆகஸ்ட் கடைசி வரை ஆனதில் யாருக்கும் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் வந்தது. துணை இயக்குநர் இந்திராணி மேடம் ஆண்டறிக்கை தயாரிக்கும்போது தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வேலை ஏற்கப்பட்டது ஆகஸ்ட் இருபத்தெட்டு. பணம் பெற்றதாக ரசீது ஜூலை பதினெட்டு. அதாவது வேலையை ஏற்பதற்கு நாற்பத்தொரு நாள் முன்னதாகவே இந்த ஆணையகம் எழுத்தாளருக்குக் கூலி கொடுத்திருக்கிறது.

மற்ற இலாகாக்கள் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் என்று அறிக்கை கொடுத்துக்கொண்டிருக்கையில், இந்த ஆணையகம் 'பணம் வழங்க எடுத்துக்கொண்ட சராசரிக் காலம்: மைனஸ் நாற்பத்தொரு நாள்' என்று கொடுத்தது. மேலிடத்தில் முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தார்கள். ரசீதைப் பார்த்ததும் அசந்துபோனார்கள். அந்த ஆண்டின் துரித சேவை விருது சுயாதீனப் பணியாளர் நல ஆணையகத்துக்குக் கிடைத்தது.

விருது விழாவில் கௌரவ விருந்தினர் அனிமேஷ் ஹாஜ்ரா. காலத்தோடு கூலி பெற்ற எழுத்தாளர் என்ற முறையில் ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார்கள். பேச மறுத்தால் என்ன ஆகும் என்று சாமந்தாவிடம் மெல்லக் கேட்டார் அனிமேஷ்.

"மறுத்தா விசாரணை வரும். பணம் வாங்கலேன்னு நீங்க சொன்னீங்கன்னா, வாங்காம வாங்கினதாப் பொய் ரசீது குடுத்தவர் யாருன்னு கேப்பாங்க. அது நீங்கதான். பேசிட்டுப் போயிடுங்க, நல்லது."

அனிமேஷ் பேசினார். மேடையில் அவருக்கு ஒரு பொன்னாடை, ஒரு பலா மரக்கன்று, ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு ஆகியவை வழங்கப்பட்டன. கடைசியாக நான்கடி நீள அட்டையில் அச்சிட்ட காசோலை ஒன்றை இந்திராணி மேடம் புகைப்படக்காரர்கள் முன்னால் அவரிடம் நீட்டினார். 'ரூபாய் பதினெட்டாயிரம் மட்டும்' என்று தூரத்திலிருந்தும் தெரியும்படி கொட்டை எழுத்தில் இருந்தது. கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆனது.

அந்தக் காசோலையோடு லோக்கல் ரயிலில் பெல்கரியா வரை வருவது எளிதாக இல்லை. கூட்டத்தில் அது நான்கு பேர் முகத்தில் இடித்தது. "அண்ணே, பெரிய நோட்டா இருக்கே, சில்லறை வேணுமா?" என்று ஒருவர் கேட்க, பெட்டியே சிரித்தது. உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பலாக்கன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது காய்க்க ஏழு வருஷம் ஆகும்பா," என்றாள் அக்கறையாக. பணம் வருவதற்கு இதுவரை கிடைத்த தேதிகளில் இதுதான் திட்டவட்டமானது என்று அனிமேஷ் நினைத்துக்கொண்டார்.

சுதபா அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள்.

"போத்தார் இதை எடுத்துப்பாரா?"

"அது சும்மா போட்டோவுக்கு."

"நீங்களும்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. பெல்கரியா வானம் முழுக்கக் காற்றாடி. ரிக்‌ஷாக்காரர்கள் ரிக்‌ஷாவுக்கும், லேத் பட்டறைக்காரர்கள் லேத்துக்கும், அச்சகத்தார் அச்சு மெஷினுக்கும் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுதபா குளித்துவிட்டு, குங்குமமும் செம்பருத்தியும் தட்டில் எடுத்துக்கொண்டு போத்தாரின் அடகுக் கடைக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது. தச்சர் ஒருவர் தன் இழைப்புளிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். பேண்டு வாசிப்பவர் ஒருவர் தன் எக்காளத்துக்கு மாலை போட்டார். பேட்டையின் தொழில் கருவிகளில் பாதி அங்கேதான் இருந்தன. போத்தார் பக்தியோடு எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்தார்.

மெஷினின் சக்கரத்தில் குங்குமம் வைக்கும்போது சுதபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூ வைத்துவிட்டு, தன் மெஷினை விட்டுவிட்டு வெறுந்தட்டோடு வந்தாள். வரும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

வீட்டில் சாமந்தா உட்கார்ந்திருந்தார். லீவு நாள் என்பதால் மனைவி அனுப்பியிருந்தாள். அவளுடைய ஐந்து பூஜை ப்ளவுஸும் என்ன ஆயிற்று என்று பார்த்து, தயாராக இருந்தால் கையோடு வாங்கிவரச் சொல்லி உத்தரவு. அனிமேஷ் எதிரே உட்கார்ந்து காற்றாடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

சுதபா ஒரு தாளில் இரண்டு வரி எழுதினாள். ஊசி நூல் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்டாம்பை எடுத்து ஒட்டினாள். பேனாவோடு சாமந்தாவின் முன்னால் வைத்தாள்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸ் சும்மா போகவில்லை. ஸ்டாம்ப் ஒட்டிய தாளைக் கண்டதும் சாமந்தாவின் கை தானாகப் பேனாவை எடுத்து, ஸ்டாம்பின் குறுக்கே கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதியது. அதன் பிறகுதான் கண் மேலே போனது. 'ப்ளவுஸ் ஐந்து உருப்படி பெற்றுக்கொண்டேன். அளவு கச்சிதம். முழுத் திருப்தி.'

"எடுத்துக்கிட்டு வாங்கம்மா," என்றார் சாமந்தா.

"எதை, அண்ணே?"

"ப்ளவுஸை."

"வாங்கிட்டீங்களே. இதோ கையெழுத்து இருக்கு." சுதபா தாளை மடித்து டப்பாவில் வைத்து மூடினாள். "கோப்பு முடிஞ்சுது. வாழ்த்துக்கள்."

சாமந்தா சிரித்தார். சுதபா சிரிக்கவில்லை. அவர் அனிமேஷைப் பார்த்தார். அனிமேஷ் ஜன்னல் வழியே காற்றாடியைப் பார்த்தார்.

"விளையாடாதீங்கம்மா. தைச்சாச்சா இல்லையா?"

"துணி வெட்டவே இல்ல. மெஷின் போத்தார் கடையில இருக்கு. ஆனா அதனால என்ன? தைக்கறதுக்கு முன்னாடியே குடுத்திருக்கேன். எனக்கும் மைனஸ்ல வரும். விருதுக்கு எங்க எழுதிப் போடணும்?"

"என் வீட்டுக்காரி என்னைக் கொன்னுடுவா."

"கையெழுத்தைக் காட்டுங்க. அளவு கச்சிதம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. ஆதாரத்தை நம்பித்தானே ஆகணும்."

சாமந்தா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பூஜை அஷ்டமியன்று பழைய ப்ளவுஸோடு பந்தலுக்குப் போகும் தன் மனைவியை அவர் மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். வாங்காததை வாங்கியதாக எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும் என்று முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் புரிந்தது. அனிமேஷுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க அவர் பெரிதாக முயலவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சாமந்தா தலை நிமிர்ந்தார். "எழுத்தாளர் பணம் வராது," என்றார் தீர்மானமாக. "அந்தக் கோப்பை அந்த ஆண்டவனே வந்தாலும் திறக்க முடியாது. அதுவும் விருது வாங்கின கோப்பு. ஆனா திரைச்சீலைக்கு வழி இருக்கு."

"திரைச்சீலையா?"

"ஆபீஸ் ஜன்னலுக்குத் திரை தைக்கற கூலி. இருபதாயிரம் வரைக்கும் என் கையெழுத்து போதும். பில்லைக் காட்டினா அன்னிக்கே ரொக்கம். எழுத்துக் கூலி ஏழு மேஜை சுத்தணும். தையல் கூலி ஒரே மேஜை."

"அது ஏன் அப்படி?" என்று கேட்டார் அனிமேஷ். இருபது வருஷத் தொழிலின் கேள்வி அது.

"திரை இல்லேன்னா மேடம் மேல வெயில் அடிக்கும். உங்க கட்டுரை இல்லேன்னா யார் மேல என்ன அடிக்கப் போகுது?"

மறுநாளே சுதபா ஹாஜ்ரா, ஜன்னல் திரை முப்பத்தாறு உருப்படி தைத்த கூலி பதினெட்டாயிரம் என்று பில் கொடுத்தாள். சாமந்தா பழக்கதோஷத்தில் முதலில் ரசீதை நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை. நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி, ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். இப்படியும் செய்யலாம் என்பது நாற்பது பக்கக் கையேட்டில் எங்கும் இல்லை. ஆணையகத்தில் முப்பத்தாறு திரைகளும் இருப்பதாகப் பதிவேட்டில் ஏறிவிட்டதால், வெயில் அடிப்பதாகப் புகார் சொல்ல முடியாமல் இந்திராணி மேடம் மேஜையைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. சாமந்தா வீட்டு ஐந்து ப்ளவுஸ் நான்கு நாளில் தயார். மீதிப் பதினெட்டில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. மளிகை பாக்கி, வாடகை, மின்சாரம் எல்லாம் அடைந்தது. ஞாயிற்றுக்கிழமை அனிமேஷ் சந்தைக்குப் போய் முக்கால் கிலோ இலிஷ் மீன் வாங்கி வந்தார். பதினொரு மணிக்கே தெரு முழுக்கக் கடுகு அரைத்த வாசனை. அப்போது ஹராதன் மைத்தி வந்து நின்றார்.

"எடிட்டர் தம்பி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

அனிமேஷின் சட்டைப் பையில் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. கொடுத்திருக்கலாம். ஆனால் மைத்தியைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போகவில்லை, ஊசி நூல் டப்பாவுக்குப் போனது. ஒரு தாள், ஒரு ஸ்டாம்ப்.

"முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, மைத்தி பாபு. ரசீது இருந்தாத்தான் கிளப்புல காட்டிப் பணம் வாங்க முடியும்."

மைத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'ரூபாய் முந்நூறு பெற்றுக்கொண்டேன்' என்பதைக் கூச்சத்தோடு படித்தார். எழுதிச் சம்பாதித்ததற்கு முதல் ரசீது அல்லவா, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கும்பிட்டு, போய்விட்டார்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது.

பகல் ஒரு மணிக்கு அனிமேஷ் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு இருந்தது, தண்ணீர் இருந்தது, சோறு இல்லை. தட்டின் பக்கத்தில் ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு தாள். 'சோறும் இலிஷ் மீன் மூன்று துண்டும் பெற்றுக்கொண்டேன். ருசி அபாரம்.' பசியில் இருந்த அனிமேஷ், ஸ்டாம்பைப் பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டு முடித்த பிறகு சாமந்தாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"போய் அந்த மனுஷனுக்கு முந்நூறைக் குடுத்துட்டு வாங்க," என்றாள் சுதபா. "வந்ததும் போடறேன்."

அனிமேஷுக்கு வெட்கமாகிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று தெரு தள்ளி இருந்த மைத்தியின் வீட்டுக்கு வேகமாக நடந்தார். மூன்று நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். மைத்தி நோட்டுகளைத் தொடவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

"இது எதுக்கு, தம்பி?"

"உங்க கட்டுரைப் பணம்."

"அதுதான் வாங்கிட்டேனே. காலையில கையெழுத்துப் போட்டேனே."

"கையெழுத்துதான் போட்டீங்க. பணம் நான் குடுக்கலியே."

"முந்நூறு பெற்றுக்கொண்டேன்னு கண்ணாடி போட்டுப் படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். எழுத்துல குடுத்தாச்சு." மைத்தியின் குரல் தணிந்தது. "முப்பத்து நாலு வருஷம் டிக்கெட் கிழிச்சிருக்கேன். ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு தடவ காசு வாங்கினவன் இல்ல நான். இப்ப போய் என்னை அப்படி ஆக்கிடாதீங்க."

"அப்ப உங்க சம்சாரத்துக்குச் சேலை?"

"அவகிட்ட சொல்லிட்டேன். எழுத்துப் பணம் வந்துது, எங்க போச்சுன்னுதான் தெரியலேன்னேன். எழுதறவங்க வீட்டுல இதெல்லாம் சகஜம்னுட்டா."

அனிமேஷ் என்ன சொல்லியும் அவர் அசையவில்லை. அரை மணி நேரம் கெஞ்சிவிட்டு, நோட்டுகளைக் கையில் பிடித்தபடியே அனிமேஷ் வெயிலில் திரும்பி நடந்தார். வீட்டுக்குள் நுழைந்தபோது சுதபா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். மீன் சட்டி அவள் பக்கத்தில் மூடி போட்டு இருந்தது.

"குடுத்தாச்சா?"

"வாங்க மாட்டேங்கறார். ஏற்கெனவே வாங்கிட்டாராம்."

சுதபா கொஞ்சம் யோசித்தாள். தட்டருகே கிடந்த தாளை எடுத்து, அவருடைய கையெழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, டப்பாவில் வைத்தாள்.

"அப்ப நீங்களும் சாப்பிட்டாச்சு," என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.